விதை போட்ட தூதுவளை வீணாவது எங்கே?

தண்ணீர் இல்லாவிட்டால் செடி காயும், வெயில் படாவிட்டால் வெளிறும். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தூதுவளையை விதையிலிருந்து வளர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள் மறுபடி மறுபடி இடறுவது வேறு இடங்களில்.

பச்சைக் காயில் விதை எடுப்பது

காய் நன்றாகச் சிவந்து, தொட்டால் அமுங்கும் பழமாக வேண்டும். அதைத் தண்ணீரில் பிசைந்து ஒரு நாள் ஊறவிடுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கிய விதையைச் சதை போகக் கழுவித் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். சதையோடு மண்ணில் போட்டால் எறும்புக்கும் பூஞ்சைக்கும்தான் விருந்து.

ஆழமாகப் புதைப்பது

கால் அங்குலம் போதும்.

பத்தாம் நாளே தொட்டியைக் கவிழ்ப்பது

ஒரே பழத்து விதைகள்கூட ஒன்றாக முளைப்பதில்லை. சில இரண்டு வாரத்தில் தலைகாட்டும், சில ஒரு மாதம் இழுக்கும். கவிழ்த்த மண்ணை ரோஜாத் தொட்டியில் போட்டுவிட்டு, அங்கே தூதுவளை எப்படி வந்தது என்று விழிப்பவர்கள் உண்டு.

கன்றை மொட்டையடிப்பது

எரிச்சல் வருவது இதில்தான். கன்று ஒரு சாண் உயர்ந்து பன்னிரண்டு இலை விட்டிருக்கும். வீட்டில் யாருக்கோ சளி பிடிக்கும். அன்றைக்கே அத்தனை இலையும் அம்மிக்குப் போய்விடும். கிடைப்பதோ ஒரு கரண்டித் துவையல்.

தூதுவளை பல ஆண்டு நிற்கும் கொடி. முதல் சில மாதங்களில் இலை சமைக்கும் உணவில் ஒரு நல்ல பங்கு வேருக்குப் போகிறது. இலையைப் பறித்தால் அந்த வரத்து நின்றுவிடும். கன்று சாவது பெரும்பாலும் அதோடு வரும் இரண்டாவது தவறால். இலை இருந்தபோது ஊற்றிய அதே ஒரு செம்புத் தண்ணீரைத் தினமும் ஊற்றுவார்கள். தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்க இலையே இல்லை. மண் சதசதவென்று கிடக்கும், வேர் மூச்சு முட்டி அழுகும். குச்சி கருத்ததும் "சத்துப் போதவில்லை" என்று உரம் வேறு வைப்பார்கள். அழுகும் வேருக்கு உரம் வைப்பது இன்னொரு அடி.

கொடி இடுப்புயரம் வந்து பக்கக் கிளை விடும்வரை இலையில் கை வைக்காதீர்கள். பிறகும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தனித்தனி இலையாக உருவாமல் நுனியைக் கத்தரியுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே புதுக் கிளைகள் வெடிக்கும். ஏற்கெனவே மொட்டையடித்தாகிவிட்டதா? தொட்டியை நிழலுக்கு மாற்றி, மேல்மண் ஒரு அங்குலம் உலர்ந்த பிறகே தண்ணீர் காட்டுங்கள். வேரில் உயிர் இருந்தால் கணுவில் துளிர்க்கும்.

கொம்பைப் பிறகு ஊன்றுவது

நட்ட அன்றே ஊன்றுங்கள். கொடி படர்ந்தபின் ஊன்றினால் வேர் அறும், கையும் கிழியும்.

இலை முள்ளை மறப்பது

தண்டு முள் கண்ணுக்குத் தெரியும். இலையின் அடிநரம்பில் இருப்பது தொண்டையில்தான் தெரியும். இலையைத் திருப்பி, நரம்போரம் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, நெய்யில் சுருள வதக்கி அரையுங்கள்.

அரைகுறையாக உலர்த்திப் பொடிப்பது

நிழலில் உலர்ந்த இலை விரலுக்கிடையில் நொறுங்க வேண்டும். வளைந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. அதைப் பொடித்து மூடி வைத்தால் டப்பாவுக்குள் பூசணம்தான் வளரும்.