நாகர் வழிபாட்டுக்கு முதன்முறை செல்வோருக்கு: மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயில்

சென்னையில் நாகரை வழிபட விரும்பும் புதியவர்களுக்கு இந்தக் கோயிலையே நான் முதலில் சொல்வேன். அதே பெயரில் பறக்கும் ரயில் நிலையம் இருப்பதால் வழி தேடி அலைய வேண்டியதில்லை.

முதலில் நாளைத் தீர்மானியுங்கள். வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரையிலான ராகு காலத்தை நாகருக்கு உகந்ததாகக் கொள்வது வழக்கம். ஆடி வெள்ளியில் கூட்டம் நெருக்கும் என்பதால், முதல் முறைக்கு வேறு மாதத்து வெள்ளியே நல்லது.

அடுத்து, பூஜைப் பொருட்கள். மஞ்சள்தூள், குங்குமம், அரளிப்பூ, ஒரு சிறு சொம்பில் காய்ச்சாத பால், நிவேதனத்துக்கு வெல்லம் சேர்த்த எள்ளுருண்டை அல்லது துள்ளுமாவு (வெல்லம் கலந்த பச்சரிசி மாவு) ஆகியவை போதும்.

கோயிலுக்குள் சென்றதும் நேரே நாகரிடம் போக வேண்டாம். அம்மனை வணங்கிய பிறகே செல்லுங்கள். தாமரை மொட்டுப் போன்ற சுயம்பு வடிவில், கீற்றுக்கூரையின் கீழ் அமர்ந்திருக்கிறாள் அவள்; முண்டகம் என்றால் தாமரை.

பிறகு, பின்புறம் உள்ள ஆலமரத்தடிக்கு வாருங்கள். அபிஷேகம் செய்ய அனுமதி உண்டா என்று அங்கிருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் தண்ணீரும் பின்னர் பாலும் மெல்லிய தாரையாக நாகர் சிலையின் தலைமேல் வார்க்க வேண்டும். பின்னிப் பிணைந்த இரு நாகங்களின் வளைவுகளில் பழைய மஞ்சள் கரைந்து, பாலோடு சேர்ந்து இளமஞ்சளாக வழிவதை நின்று பாருங்கள். அவசரப்பட வேண்டிய இடம் இதுவன்று. மீண்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, பூச்சாற்றுங்கள்.

புற்றுக்குள் மட்டும் பாலையோ முட்டையையோ இடாதீர்கள் என்று இரு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். புற்றைக் கட்டுவது கறையான். பாம்பு அதில் வந்து தங்குவது மட்டுமே. எலியும் தவளையும் உண்ணும் அந்த உயிருக்குப் பால் உணவன்று. ஊற்றிய பால் உள்ளே புளித்து எறும்பு மொய்ப்பதை ஒரு கோயிலில் கண்ட நாள் முதல், புற்றின் வெளிப்புறத்தில் மஞ்சளும் குங்குமமும் தூவிக் கும்பிடுவதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். பாம்பாட்டி கூடையில் கொண்டுவரும் நாகத்துக்கும் காசு போடாதீர்கள். நல்ல பாம்பைப் பிடித்து வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உண்மையிலேயே பாம்பு வெளியே வந்தால், விலகி நின்று வழிவிடுங்கள்.

இறுதியாக மரத்தை வலம் வந்து, வேண்டுதலைச் சொல்லி, தீபாராதனை கண்டு திரும்பலாம். ராகு தோஷத்துக்கென்றே வழிபட நினைப்பவர்கள், சேக்கிழார் எழுப்பிய குன்றத்தூர் நாகேஸ்வரர் கோயிலுக்கு வேறொரு நாளில் செல்லலாம். இரண்டையும் ஒரே காலையில் முடிக்க முயன்றால், எந்தச் சன்னதியிலும் மனம் நிற்காது.