யுனிவர்சிட்டி நெட்வொர்க்கை 10 ஜிக்கு மாத்தப் போறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

யுனிவர்சிட்டிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைக்குற தேசிய நெட்வொர்க்கான என்கேஎன்ல இருந்து 1 ஜிபிபிஎஸ் (1,000 எம்பிபிஎஸ்) லிங்க் வந்து வருஷக்கணக்காச்சு, ஆனா லேப்ல உக்காந்து ஜெனீவால இருந்து ஒரு டேட்டாசெட் இறக்குனா 40 எம்பிபிஎஸ்ஸத் தாண்ட மாட்டேங்குது, அதனால லிங்கை 10 ஜி, அதாவது 10 ஜிபிபிஎஸ் ஆக்குங்கன்னு கேக்குற ரிசர்ச் ஸ்காலர்ஸ் நிறைய பேர் இருக்காங்க. அவங்க கோவம் நியாயம்தான். ஆனா லிங்கை மட்டும் பெருசாக்குனா இது தீராது, பெரும்பாலும் அடைப்பு கேம்பஸுக்குள்ளதான் இருக்கும். 2010ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து அரசோட கம்ப்யூட்டர் அமைப்பான என்ஐசி மூலமா மக்கள் வரிப்பணத்துல இழுத்த லைன், கேட்டு வரைக்கும் வேகமா வந்துட்டு உள்ள பழைய கேபிள்ல முடங்கிக் கிடக்குறதப் பாத்தா நிஜமாவே மனசு கஷ்டமா இருக்கு.

அதனால கொட்டேஷன் வாங்குற வேலைய கொஞ்சம் தள்ளி வச்சுட்டு முதல்ல அளங்க. ரெண்டு லினக்ஸ் மெஷின், ரெண்டுலயும் வேகம் அளக்குற ஐபெர்ஃப்3 சாஃப்ட்வேர், அவ்வளவுதான் வேணும். ஒரே ஸ்விட்ச்ல ரெண்டையும் மாட்டி ஒரு டெஸ்ட், அப்புறம் டிபார்ட்மென்ட்ல இருந்து கேம்பஸோட மெயின் ஸ்விட்சான கோர் ஸ்விட்ச் வரைக்கும், அங்கிருந்து பாதுகாப்பு பொட்டியான ஃபயர்வாலுக்கு முன்னாடி, ஃபயர்வாலுக்குப் பின்னாடி, கடைசியா வெளிய இருக்குற ஒரு இன்ஸ்டிடியூட் வரைக்கும்னு ஒவ்வொரு படியா நகருங்க. எந்தப் படியில நம்பர் விழுதோ அங்கதான் காசு செலவு பண்ணனும். ரெண்டு திசையிலயும் ஓட்டிப் பாருங்க, ஃபைபர்ல போறதுக்கு ஒரு இழை வர்றதுக்கு ஒரு இழை, அதுல ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா ஒரு பக்க டெஸ்ட்ல தெரியவே தெரியாது.

டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டாத்தான் போகும், அதுல சிலது வழியில தொலையுற பாக்கெட் லாஸ்தான் இதுல பெரிய வில்லன், இதை நிறைய பேர் கண்டுக்குறதில்ல. அமெரிக்காவோட ரிசர்ச் நெட்வொர்க் ஈஎஸ்நெட்ல ஒரு தடவ ஒரு 10 ஜி ரூட்டர் கார்டு 22,000 பாக்கெட்டுக்கு 1 பாக்கெட்டத் தொலைச்சுட்டு இருந்துச்சு, அதுக்கே தூரமா போற டிரான்ஸ்ஃபர் எல்லாம் படுத்துருச்சு. காரணம், பாக்கெட் சரியா போய்ச் சேருதான்னு பாத்துக்குற டிசிபிங்கற விதிமுறை வேலை செய்யுற விதம்தான். ஒரு பாக்கெட் தொலைஞ்சா அது வேகத்தக் குறைச்சுக்கும், பழைய வேகத்துக்குத் திரும்பி ஏற எவ்வளவு நேரம் ஆகும்ங்கறது பாக்கெட் போய்ட்டு வர்ற நேரத்தப் பொறுத்தது. கேம்பஸுக்குள்ள அது 1 மில்லி செகண்ட்கூட இருக்காது, அதனால லாஸ் இருந்தாலும் எல்லாம் நல்லா ஓடுற மாதிரியே தெரியும். ஐரோப்பாவுக்கு 150 மில்லி செகண்ட்னா ஏறவே ஏறாது. ஸ்விட்ச் போர்ட்ல சிஆர்சி எர்ரர் (கெட்டுப்போய் வந்த பாக்கெட்), டிஸ்கார்ட் (ஸ்விட்ச் தூக்கிப் போட்ட பாக்கெட்) கவுன்ட்டர் ரெண்டையும் பாருங்க, ஃபைபர் கனெக்டர தொடச்சுட்டு மறுபடி பாருங்க, நம்ம ஊர் தூசிக்கு இந்த ஒரு வேலையிலயே பாதி பிரச்சனை போயிடும்.

அடுத்தது கேபிள். பில்டிங்குக்கு பில்டிங் பழைய ஓஎம்1 ரக மல்ட்டிமோட் (குறைஞ்ச தூரத்துக்கான) ஃபைபர் கிடந்தா அதுல சாதாரண 10 ஜி மாட்யூல் 33 மீட்டர்தான் ஓடும், அதுக்குப் பிந்தின ஓஎம்3ல 300 மீட்டர். அந்தக் கணக்கே வேண்டாம், புதுசா போடுறது எல்லாம் ரொம்ப தூரம் போற சிங்கிள் மோட் ஃபைபராவே போட்டுடுங்க, நீண்ட தூரத்துக்கான எல்ஆர் மாட்யூல் வச்சா 10 கிலோமீட்டர் போகும், நாளைக்கு 100 ஜிக்கு மாத்தினாலும் அதே கேபிள்தான். 4 கோர் (இழை) போதும்னு தோணினாலும் 24 கோர் போடுங்க, செலவு பள்ளம் தோண்டுறதுலதான் இருக்கு, ஃபைபர்ல இல்ல. ரெண்டு வேற வேற வழியில கோர் ஸ்விட்சுக்குப் போற மாதிரி ரிங்கா போடுங்க, கேம்பஸுக்குள்ள எந்த கட்டட வேலை நடந்தாலும் ஜேசிபி வந்து கேபிள அறுக்கத்தான் செய்யும். பில்டிங் உள்ள காப்பர்னா கேட் 6 ரக கேபிள்ல 10 ஜி 55 மீட்டர் வரைக்கும்தான், 100 மீட்டர் வேணும்னா கேட் 6ஏ. வைஃபைக்கு மட்டும்னா நல்லா இருக்குற கேட் 5இய பிடுங்காதீங்க, அதுலயே 2.5 ஜி ஓடும், ஸ்விட்ச் மட்டும் அதுக்கு ஏத்ததா வாங்குங்க.

இப்ப ஃபயர்வால். ஹாஸ்டல் பசங்க யூடியூப், ஆபீஸ் மெயில், 2 டெராபைட் ஜீனோம் டேட்டா எல்லாத்தையும் ஒரே பொட்டி வழியா அனுப்புறதுதான் பல இடத்துல நடக்குது. டேட்டாஷீட்ல 10 ஜின்னு போட்டிருக்கும், எல்லா செக்கிங்கையும் ஆன் பண்ணினா அந்த நம்பர் வராது, அதுவும் ஒரே பெரிய ஃப்ளோவ (ஒரு டிரான்ஸ்ஃபரோட பாக்கெட் வரிசைய) பல பொட்டிங்க ஒரே சிபியு கோர்லதான் தள்ளும். இதுக்கு ஈஎஸ்நெட் சொல்ற வழி சயின்ஸ் டிஎம்இசட். டேட்டா டிரான்ஸ்ஃபருக்குன்னே ஒரு சர்வர வெளி லிங்க் வந்து சேர்ற எட்ஜ் ரூட்டர் பக்கத்துல வச்சு, ஃபயர்வால் வழியா விடாம ரூட்டர்லயே ஏசிஎல்ங்கற அனுமதிப் பட்டியல் போட்டு, எந்தெந்த இன்ஸ்டிடியூட் ஐபி, எந்த போர்ட்னு மட்டும் திறந்து விடுறது. செக்யூரிட்டி ஆளுங்க பயப்படுவாங்க, பயப்படுறதும் சரிதான், அதனால அந்த மெஷின்ல மெயில், வெப்சைட், பிரவுசர்னு வேற எதுவுமே இருக்கக் கூடாது.

அந்த சர்வர்ல டிசிபி பஃபர, அதாவது பாக்கெட்ட தற்காலிகமா வைக்குற மெமரிய மறந்துடாதீங்க. பல லினக்ஸ் வெர்ஷன்ல ரிசீவ் பஃபர் உச்சம் 6 எம்பி (மெகாபைட்), 150 மில்லி செகண்ட் தூரத்துக்கு அது முழுசா கிடைச்சாலே 320 எம்பிபிஎஸ்தான் வரும். 1 ஜி நிரம்பணும்னா 19 எம்பி கிட்ட வேணும், 10 ஜிக்கு 190 எம்பி கிட்ட. காசு செலவில்லாம செட்டிங்ஸ்ல நாலு வரி மாத்துனா முடிஞ்சுது. சும்மா சாதாரண காப்பி கமாண்டான எஸ்சிபில அனுப்பாம குளோபஸ் மாதிரி இதுக்குன்னே இருக்குற டூல் யூஸ் பண்ணுங்க.

டெண்டர்ல ஒரு விஷயம் கண்டிப்பா எழுதுங்க: ஒவ்வொரு ஃபைபர் கோருக்கும் எங்க பழுதுன்னு காட்டுற ஓடிடிஆர் ரிப்போர்ட், ஒவ்வொரு பில்டிங்ல இருந்தும் ஐபெர்ஃப் ரிசல்ட் காட்டினாதான் கடைசி பில் பாஸ் ஆகும்னு. அது இல்லன்னா மாட்டிட்டுப் போனவங்களத் திரும்ப வரவழைக்குறதே பெரும்பாடு. மாத்துற வேலைய செமஸ்டர் லீவுல வைங்க, ரிசல்ட் வர்ற வாரம், ஆன்லைன் எக்ஸாம் நாள் பக்கமே போகாதீங்க. பழைய லிங்க ஒரு மாசமாவது கழட்டாம விட்டு வைங்க. பெர்ஃப்சோனார்ங்கற நெட்வொர்க் அளக்குற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டு தினமும் தானா அளந்துட்டே இருக்குற மாதிரி விட்டுட்டீங்கன்னா, அடுத்த தடவ ஒரு ஸ்காலர் வந்து ஸ்லோவா இருக்கு சார்னு சொல்றப்ப எந்தத் தேதியில இருந்து விழுந்துச்சுன்னு அவங்களுக்கே கிராஃப் காட்டலாம்.