எஸ்-லாக்3 காட்சிக்கு கலர் கிரேடிங்: நோடு வரிசையும் கோப்பு வகையும்

எஸ்-லாக்3 என்பது சோனி கேமராக்கள் காட்சியைத் தட்டையாக, வெளிறிய நிறத்தில் பதிவு செய்யும் லாக் முறை; அந்த நிறத்தைச் சரிசெய்வதுதான் கலர் கிரேடிங். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் முதல் நோடில் (ஒரு நோடு ஒரு திருத்தப் படி) எக்ஸ்போஷர், அடுத்ததில் ஒயிட் பேலன்ஸ், கடைசியில்தான் ரெக்.709-க்கு (வழக்கமான டிவி நிறத் தரம்) மாற்றும் லட் (நிறங்களை மாற்றும் அட்டவணைக் கோப்பு). லட்டை முதலில் போட்டால், அது வெட்டிய ஹைலைட் (மிக வெளிச்சமான பகுதி) விவரம் பிறகு எவ்வளவு இறக்கினாலும் திரும்பாது. வானம் வெறும் சாம்பல் திட்டாக நிற்கும்.

எடிட்டிலிருந்து கிரேடிங்குக்கு அனுப்ப 8 பிட் எச்.264 (அதிகம் சுருக்கப்பட்ட வீடியோ வகை) வேண்டவே வேண்டாம். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். லாக் படத்தின் கான்ட்ராஸ்டை இழுத்ததும் பட்டை பட்டையாகக் கோடு விழும். 10 பிட்டில் 1024 படிகள். புரோரெஸ் 422 ஹெச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூஎக்ஸ் கோப்பு வகையை எடுங்கள். கடைசி 'எக்ஸ்' இல்லாத டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூ 8 பிட்தான், கவனம்.

கறுப்பு வெளிறித் தெரிந்தால் உடனே கிரேடைத் தொடாதீர்கள். முதலில் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் டேட்டா லெவல்ஸைப் (கறுப்பு, வெள்ளைக்கான எண் எல்லை) பாருங்கள்: 10 பிட்டில் 64–940 அளவில் பதிவான வீடியோ லெவல் கோப்பை ஃபுல் (0–1023) என்று படித்தால் இப்படித்தான் ஆகும்.