கைக்குழந்தையோடு சென்னை போகிறீர்களா? திரும்பி வரும் விசாவை முதலில் பாருங்கள்

பிரிட்டனுக்கு வேலை விசாவில் வந்து, இங்கேயே பிள்ளை பெற்று, முதல் தடவையாக அதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகத் திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டியில் என்ன வைப்பது, விமானத்தில் எப்படித் தூங்க வைப்பது என்பதெல்லாம் அப்புறம். டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் குழந்தைக்கு இந்த நாட்டுக்குள் திரும்பி வர விசா இருக்கிறதா?

"அவ இங்கதானே பொறந்தா, அவளுக்கு எதுக்கு விசா?" என்று உங்களுக்குத் தோன்றினால், போன வருடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. அதைப் பார்த்துப் பழகிய மனசு. பிரிட்டனில் அப்படி இல்லை. 1983 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து, இந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. குழந்தை பிறக்கும்போது அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவராகவோ, ஐ.எல்.ஆர். வாங்கி நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். நம்மைப் போல வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்பவர்களின் பிள்ளை இந்தியப் பிள்ளைதான். எடுக்க வேண்டியதும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

இதுவரை பலருக்கும் தெரியும். நாங்கள் மாட்டிக்கொண்டது இதற்கு அடுத்த படியில். இங்கே பிறந்த அந்தக் குழந்தைக்கு விசா என்று எதுவும் தானாக வருவதில்லை. அம்மா அப்பாவின் விசாவுக்குள் குழந்தையும் அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டை விட்டு வெளியே போகாத வரை அது விசா இல்லாமல் இருப்பதில் தப்பில்லை, விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால்தான் யாரும் நம்மிடம் சொல்வதில்லை. பிறந்தவுடன் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் எண் கொடுக்கிறார்கள். எடை, ஊசி எல்லாம் குறிக்கும் சிவப்புப் புத்தகம் தருகிறார்கள். ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கே வந்து எடை போட்டுப் பார்க்கிறார். எங்கேயும் யாரும் "பாப்பாவின் விசா எங்கே?" என்று கேட்கவில்லை. ஹீத்ரோவில் கிளம்பும்போதும் கேட்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழந்தை இந்தியாவுக்குப் போக விசா எதற்கு? போகிற கதவு விரியத் திறந்திருக்கும். திரும்பி வருகிற கதவு மூடியிருப்பது மீனம்பாக்கத்தில் போய்த்தான் தெரியும்.

எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. கார்த்திகையில் போய் ஐந்து வாரம் இருந்துவிட்டு, ஜனவரி முதல் வாரம் விடியற்காலை விமானத்துக்குக் கிளம்பினோம். என் அம்மா வீடு நங்கநல்லூரில். விமான நிலையம் பக்கம்தான் என்பதால் நிதானமாகத்தான் போனோம். பெட்டிகளை எடை போட்டாகிவிட்டது. அம்மா இரட்டை உறை போட்டுக் கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் சேர்த்தும் எடை சரியாகத்தான் இருந்தது. கவுண்ட்டரில் இருந்த பெண் மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கி, எங்கள் இருவருடையதையும் முடித்துவிட்டு, மூன்றாவதை முன்னும் பின்னும் புரட்டினார். "மேடம், பாப்பாவோட யூ.கே. விசா எங்க?" என்றார்.

பிறப்புச் சான்றிதழின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். என்.எச்.எஸ். எண்ணைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் விசாரித்து வந்து, முடியாது என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அனுமதி இல்லாத பயணியை ஏற்றினால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். பெல்ட்டில் போயிருந்த என் பெட்டியைத் திருப்பி எடுத்து, ஒட்டியிருந்த பட்டையைக் கிழித்துக் கொடுத்தார்கள். என் கணவர் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். அவர் மட்டும் உள்ளே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதை இன்னும் என்னால் நினைக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது விடிந்திருக்கவில்லை. கூடத்துக் கொக்கியில் தூளிப் புடவையை அம்மா இன்னும் அவிழ்க்கவில்லை. ஒன்றும் கேட்காமல் குழந்தையை வாங்கி அதிலேயே போட்டு ஆட்ட ஆரம்பித்தாள்.

அங்கிருந்து விண்ணப்பித்து விசா வாங்கித் திரும்ப ஐந்தரை வாரம் ஆனது. விண்ணப்பம் ஆன்லைனில்தான். விசாக் கட்டணம் தவிர, மருத்துவத்துக்கான சர்சார்ஜ் ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. எங்கள் விசாவில் இரண்டு வருடம் நான்கு மாதம் மீதி இருந்தது. அந்த நான்கு மாதத்தை அரை வருடமாகக் கணக்கிட்டு 1,940 பவுண்டு கட்டினோம். இது இங்கிருந்து விண்ணப்பித்தாலும் கட்ட வேண்டிய பணம்தான், அதை நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். புது டிக்கெட், நர்சரிக்கு முன்கூட்டியே கட்டிய ஒரு மாதப் பணம், எனக்குச் சம்பளமில்லாத விடுப்பு, இவைதான் நஷ்டம்.

அதைவிட, நாட்களை இழுத்தது ஒரு காகிதம். பிறப்புச் சான்றிதழின் அசல் இங்கே ரெடிங்கில் எங்கள் வீட்டு டிராயரில் இருந்தது. "ஊருக்குப் போறோம், அது எதுக்கு" என்று நான்தான் வைத்துவிட்டு வந்தேன். கணவர் போய்ச் சேர்ந்து அதைக் கூரியரில் அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகுதான் விசா மையத்தில் நாள் வாங்கினேன். ஐந்து வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை, புகைப்படம் மட்டும்தான். அந்த ஒரு படத்துக்கு இருபது நிமிடம் ஆனது. கேமராவைப் பார்க்காமல் மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அங்கே இருந்த ஒரு பெண் தன் வளையல்களைக் குலுக்கினார், திரும்பினாள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம், அதுவும் இந்தப் படம் எடுத்த நாளிலிருந்துதான் கணக்கு.

அந்த வருடப் பொங்கல் அவர் இல்லாமல் போனது. பொங்கலுக்கு மறுநாள் குழந்தை முதல் தடவையாகத் தவழ்ந்து பூஜை அறை வாசலுக்குப் போனாள். அதை அவர் கைபேசியில் பார்த்தார். நங்கநல்லூரில் தலைக்கு மேலே விமானம் போவது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம், காதிலேயே விழாது. அந்த ஐந்து வாரமும் ஒவ்வொன்றும் விழுந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் குழந்தை பிறந்த 42 நாளுக்குள் கவுன்சிலில் பிறப்பைப் பதிய வேண்டும். அப்புறம் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, இந்தியப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். இதை ஒரு வருடத்துக்குள் செய்துவிடுங்கள், தாண்டினால் தில்லியிலிருந்து மத்திய அரசின் அனுமதி வர வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் குழந்தைக்கு, நம் விசாவைச் சார்ந்து வரும் டிபென்டன்ட் விசாவுக்கு இங்கிருந்தே விண்ணப்பியுங்கள். இங்கிருந்து விண்ணப்பித்தால் முடிவுக்குப் பொதுவாக எட்டு வாரம். கவனிக்க வேண்டியது, முடிவு வருவதற்குள் குழந்தையோடு வெளிநாடு போனால் அந்த விண்ணப்பம் வாபஸ் வாங்கியதாகிவிடும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஓடினாலும் அதே கதைதான். ஆகவே டிக்கெட் கடைசியில். எல்லாம் கூட்டிப் பார்த்தால் குழந்தை பிறந்து ஐந்தாறு மாதமாவது ஆகும். அதற்கு முன்னால் ஊரில் நாள் குறித்துவிட்டார்கள் என்றால் நாளை மாற்றச் சொல்லுங்கள். மொட்டையும் காதுகுத்தும் காத்திருக்கும். தாய்மாமன் மடியும் எங்கேயும் போய்விடாது.

விசா வந்தால் அது இப்போது ஆன்லைனில் இருக்கும் இ-விசாதான், கையில் அட்டை எதுவும் கிடையாது. குழந்தையின் கணக்கில் அதன் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. எப்படியும் மகப்பேறு விடுப்பில் இரண்டு மூன்று மாதம் ஊரில் இருக்கப் போகிறீர்கள் என்றால், தெரிந்தே சென்னையிலிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவும் சீக்கிரம் வரும். ஆனால் பிறப்புச் சான்றிதழ் அசல், இருவருடைய விசா விவரம், இங்கே வீடு இருப்பதற்கான ஆதாரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். போய் இறங்கிய முதல் வாரமே ஆரம்பித்துவிட வேண்டும்.

உங்களில் ஒருவருக்கு ஐ.எல்.ஆர். வந்த பிறகு பிறந்த குழந்தை என்றால் கதை நேர் எதிர். அது பிரிட்டிஷ் குழந்தை, திரும்பி வருவதில் சிக்கல் இல்லை, இந்தியாவுக்குள் போகத்தான் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அல்லது இந்திய இ-விசா வேண்டும். இ-விசாவை gov.in என்று முடியும் அரசுத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன.

தடுப்பூசி பற்றிக் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்னால் பேசிவிடுங்கள். நம் ஊரில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியை இங்கே எல்லாருக்கும் போடுவதில்லை. ஆனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியாவில் பிறந்திருந்தால் குழந்தைக்குப் போடுவார்கள். கேட்டு வாங்குங்கள், விட்டுப்போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். எட்டு, பன்னிரண்டு, பதினாறு வார ஊசிகள் முடிந்த பிறகு போவது நல்லது. ஒரு வயதில் போடும் தட்டம்மைத் தடுப்பூசியைப் பயணத்துக்காக ஆறு மாதத்திலிருந்தே போடலாம், அதையும் கேளுங்கள். சிவப்புப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் மழைத் தண்ணீர் தேங்கும், கொசுவும் டெங்குவும் அப்போதுதான். கத்திரி வெயிலில் கைக்குழந்தையோடு போகவே வேண்டாம். மார்கழி பாதியிலிருந்து மாசி வரை நல்ல காலம். கொசுவலை அங்கேயே நல்லது கிடைக்கும், இங்கிருந்து சுமக்காதீர்கள். ஆனால் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை என்றால் பழகிய பால் பவுடரை முழுப் பயணத்துக்கும் கொண்டுபோங்கள். கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்துத்தான் கலக்க வேண்டும். வாடகைக் காரில் குழந்தை இருக்கை இருக்காது. நாங்கள் இங்கிருந்து கொண்டுபோனோம். "மடியில வெச்சுக்கோ, என்ன ஆகிடும்" என்று எல்லாரும் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

விமானத்தில் தொட்டில் மாட்டும் இடம் சிலதுதான், டிக்கெட் எடுத்த அன்றே கேட்டு உறுதி செய்யுங்கள். மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட் இரண்டு வயது வரைதான். ஊரில் இருக்கும்போது பிறந்தநாள் வந்தால் திரும்பும்போது தனி இருக்கை வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். இரண்டு செட் துணி குழந்தைக்கு, ஒரு செட் உங்களுக்கும்.

கடைசியாகப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். இங்கே படிவத்தில் கடைசிப் பெயர் கேட்பதால் குழந்தைக்கு அப்பா பெயரைப் போடுகிறோம். என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர், கணவர் பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர், குழந்தை பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். ஒரே குடும்பத்தில் மூன்று கடைசிப் பெயர்கள். நானும் குழந்தையும் மட்டும் ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது, அதிகாரி "இந்தக் குழந்தைக்கு நீங்கள் யார்?" என்று கேட்டார். அவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. அப்போது அந்தப் பிறப்புச் சான்றிதழ் என் கைப்பையில் இருந்தது. ரெடிங் திரும்பியதும் 12.50 பவுண்டு கட்டி இன்னொரு பிரதி வாங்கினேன். ஒன்று டிராயரில் இருக்கிறது, ஒன்று குழந்தையின் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருக்கிறது.