வாசகர் வட்டத்தில் குடும்ப நாவலைப் பேசுவது எப்படி

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த பழைய வேலூர் மாவட்டத்தின் எந்தக் கிளை நூலகத்திலும், அட்டை நைந்து முதுகில் பசைத்தாள் ஒட்டப்பட்ட புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் காதலையும் மணவாழ்க்கையையும் சொல்லும் குடும்ப நாவலாகவே இருக்கும். அதே நூலகத்தின் வாசகர் வட்டத்திலோ அந்த நாவல்களுக்கு இடம் கிடைப்பதில்லை. ‘அடுப்பங்கரை எழுத்து’ என்ற ஒரு சொல்லால், எழுதியவரையும் வாசித்தவரையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள். இது மாறவேண்டும் என்று விரும்பும் வட்டப் பொறுப்பாளர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நாவலைத் தேர்ந்தெடுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியுள்ள தேதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக விழுந்து, இடம் போதாமல் மேலே இன்னொரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தால் அதுவே உங்களுக்கான புத்தகம். அதை அறிமுகப்படுத்தும் பொறுப்பை, அத்தகைய நாவல்களை ஆண்டுக்கணக்கில் வாசித்துவரும் ஒருவரிடம் கொடுங்கள். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள், குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடி பீடி சுற்றும் பெண்கள் ஆகியோருக்குத் தோதான நாளையும் நேரத்தையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையோடு ஒருவரால் மனம் விட்டுப் பேச முடியாது. முழு நாவலையும் வாசித்தவரே கருத்துச் சொல்லலாம் என்ற விதியைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஏளனத்தின் பெரும்பகுதி வாசிக்காதவர்களிடமிருந்தே வருகிறது.

“முடிவுதான் முன்பே தெரியுமே” என்று எவரேனும் தொடங்குவார். அவருக்குச் சங்க அகப்பாடல்களை நினைவுபடுத்துங்கள். குறுந்தொகையின் 401 பாடல்களிலும் தலைவன், தலைவி, தோழி, செவிலி போன்ற அதே சிலர்தான் பேசுகிறார்கள். அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. களவு, பிரிவு, காத்திருப்பு என்று தெரிந்த துறைகளுக்குள்தான் அத்தனை புலவர்களும் பாடினார்கள். அந்தக் கட்டுக்குள் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று பார்க்கப் பழகிய நாம், இருவரும் இணைவார்கள் என்பது உறுதியான நாவலிலும் அதையே பார்க்கலாம். அவர்களைப் பிரித்து வைக்கும் தடை நம்பும்படி இருக்கிறதா? கணவன் காபி குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுக்காமல் நாயகி கடந்து செல்லும் ஒரு வரியில் அவள் கோபம் முழுவதும் தெரிகிறதா, அல்லது அதை விளக்க ஆசிரியருக்கு இரண்டு பக்கங்கள் தேவைப்படுகின்றனவா? இத்தகைய ஓரிடத்தை உரக்க வாசித்துவிட்டுப் பேசுங்கள். பேச்சு தானாகவே புத்தகத்தின் பக்கம் திரும்பும்.

“இது பெண்கள் வாசிப்பது” என்ற வாதம் எழுந்தால், நம் மண்ணிலிருந்தே விடை சொல்லலாம். வேலம் என்னும் ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட மு.வ. (மு. வரதராசன்), காதலையும் இல்லறத்தையும் நாவல்தோறும் எழுதினார். வாலாஜாவில் தொடங்கும் அவருடைய நாவல் ஒன்றுக்கு 1961-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவரை எவரும் அடுப்பங்கரைக்கு அனுப்பியதில்லை. மருத்துவராகவும் இருந்த எழுத்தாளர் லட்சுமிக்கு அதே விருது 1984-இல் கிடைத்தது. ஆனாலும் பெண்களின் குடும்பக் கதை என்றால் இன்றும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பிணக்கு காதல் என்னும் பொருளோடு இல்லை, எழுதுகிறவர் யார், வாசிக்கிறவர் யார் என்பதோடுதான் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மரியாதை கொடுப்பது வேறு, குறையை மறைப்பது வேறு. நாயகியை அறைந்துவிட்டுப் பிறகு கொஞ்சும் ‘ஆன்டி ஹீரோ’வை வட்டம் கேள்வி கேட்கவேண்டும், கட்டாயத் தாலியைக் காதலாகக் காட்டும் கதையை அப்படியே ஏற்கக்கூடாது. இந்தக் கேள்விகளை மிகக் கூர்மையாக எழுப்பக்கூடியவர்கள் அந்த நாவல்களைத் தொடர்ந்து வாசிப்பவர்களே என்பதால், அவர்களை முதலில் பேசவிடுங்கள்.

எழுத்தாளரை அழைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். இணையத்தில் தொடர் எழுதுகிறவர் பலர், “அடுத்த யூடி (அப்டேட், அதாவது புதிய அத்தியாயம்) எப்போது?” என்று கேட்கும் வாசகருக்காக, வீடு உறங்கிய பின் அத்தியாயத்தை முடித்துப் பதிவேற்றுகிறார்கள். புனைபெயரில் எழுதுகிறவரிடம் இயற்பெயரைக் கேட்காதீர்கள். அவர் இசைவின்றிப் படம் எடுக்காதீர்கள். “இது உங்கள் சொந்தக் கதையா?”, “எப்போது சீரியஸாக எழுதப்போகிறீர்கள்?” என்னும் இரண்டு கேள்விகளையும் தலைமை தாங்குபவர் அனுமதிக்கக்கூடாது. அத்தியாயத்தை எங்கே நிறுத்துவது என்று எப்படி முடிவு செய்கிறார், வாசகர் வற்புறுத்தியும் கதைப்போக்கை மாற்றாத இடம் எது என்று கேளுங்கள். பிற பேச்சாளருக்குக் கொடுக்கும் பயணச்செலவையும் நினைவுப்பரிசையும் இவருக்கும் கொடுங்கள்.

கூட்டம் முடிந்ததும், பேசப்பட்ட நாவலுக்கு இன்னொரு படி வேண்டும் என்று வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி நூலகரிடம் கொடுங்கள். நம் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. கேட்கும் உரிமை அந்த வாசகர்களுக்கு முழுமையாக உண்டு.