அட்டைப் பேல் கட்டும்போது நிறுவனங்கள் செய்யும் தவறுகள்

திருப்பூரின் பின்னலாடை நிறுவனமானாலும் ஊர்ப் பல்பொருள் அங்காடியானாலும், பட்டன் முதல் பிஸ்கட் வரை எல்லாச் சரக்கும் அட்டைப் பெட்டியில்தான் வந்து இறங்குகிறது. காலிப் பெட்டிகளை அமுக்கிப் 'பேல்' எனும் கட்டாகக் கட்டும் பேலிங் இயந்திரத்தை வாங்கிப் போட்ட பிறகும், பழைய அட்டையை வாங்கும் காகித மில்லில் விலையைக் குறைக்கிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் பலர். இயந்திரம் அட்டையின் பருமனைத்தான் குறைக்கும்; அதிலுள்ள ஈரத்தையும் குப்பையையும் போக்காது. இதை மறப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

நனைந்த அட்டையைக் கட்டுவது அவற்றுள் முதலாவது. "மில்லில் எப்படியும் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கத்தானே போகிறார்கள், நனைந்தால் என்ன?" என்று கிடங்குப் பொறுப்பாளர்களே கேட்பதுண்டு. மில் எடைக்கு வாங்குகிறது. தண்ணீருக்கு அட்டையின் விலையைக் கொடுக்க அது தயாராக இல்லை. பேலுக்குள் ஈரமானியின் ஊசியைச் செருகி அளப்பார்கள். பேசிக்கொண்ட வரம்பு 12 விழுக்காடு, ஊசி காட்டுவது 18 என்றால், 10 டன் லோடில் 600 கிலோவைக் கழித்துவிட வாய்ப்புண்டு. இழப்பு அதோடு முடிவதில்லை. இறுக்கிக் கட்டிய பேலின் நடுவே காற்று புகாததால் ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கிறது. வெளிப்புறம் காய்ந்து சுருங்கும்போது கம்பி தளர்ந்து, ஃபோர்க்லிஃப்ட் தூக்கும்போதே கட்டு பிரிகிறது. எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் லாரிக்குக் காத்திருக்கும் பேல்களைக் கூரையின்கீழ், தரையில் படாதபடி மரத்தட்டின்மேல் அடுக்க வேண்டும். தார்ப்பாய் போர்த்தினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. அடியில் தேங்கும் நீரைத் தார்ப்பாய் தடுப்பதில்லை.

அடுத்தது கலப்படம். தெர்மோகோல், பபிள் ரேப், பிளாஸ்டிக் பட்டை, எண்ணெய் ஊறிய உணவுப் பெட்டி, மெழுகு பூசிய பெட்டி ஆகியவை பேலின் நடுவில் மறைந்துவிடலாம், கூழ்த்தொட்டியில் மறையாது. தெர்மோகோல் மணிமணியாக உதிர்ந்து மிதக்கும். மெழுகோ சூடான உருளைகளில் உருகித் தாளில் கறையாகப் படியும். அமெரிக்க மறுசுழற்சித் துறை வகுத்த 11ஆம் தரத்தில், பழைய அட்டைப் பெட்டிகளுக்கிடையே தடை செய்யப்பட்ட பொருள் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்தத் தரத்தில் இறக்குமதியாகும் அட்டையையும் வாங்கிப் பழகிய, பெட்டிக்கான பழுப்புத் தாள் செய்யும் கிராஃப்ட் பேப்பர் மில்கள், உள்ளூர்ப் பேலையும் அதே கண்ணோடு பார்ப்பதில் வியப்பில்லை. பெட்டியில் ஒட்டிய டேப்பை உரித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சிறிதளவு டேப்பை மில்லின் சல்லடை பிரித்துவிடும். ஆனால் பெட்டியை விரிக்காமல் அப்படியே எறிந்தால், உள்ளே கிடக்கும் பாலித்தீன் உறை யார் கண்ணிலும் படாது, காற்று அடைபட்டுப் பேலும் எடை நிற்காது. ஒரே பக்கமாகக் குவித்து நிரப்பினால் அமுக்கும் தட்டு சாய்ந்து இறங்கி, பேல் கோணலாக வரும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய தவறு கதவின் பாதுகாப்பு சுவிட்சைச் செயலிழக்கச் செய்வதுதான். கதவு திறந்திருந்தால் இயந்திரம் ஓடக் கூடாது என்பதற்காகவே அந்த லிமிட் சுவிட்ச் இருக்கிறது. அவசரத்தில் அதை டேப் சுற்றி அமுக்கி வைத்துவிட்டு, இடையில் சிக்கிய அட்டையைக் கையால் இழுக்கிறார்கள். பல டன் விசையோடு இறங்கும் தட்டு விரலையும் அட்டையையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. சிக்கலை எடுக்கும் முன் மெயின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டி, அந்தச் சாவியை உள்ளே கை விடுகிறவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிய பேலின் கம்பியை வெட்டும்போது அதற்கு நேரெதிரே நிற்பதும் ஆபத்து: விறைத்திருந்த கம்பி முகத்தை நோக்கியே தெறிக்கும்.

பேல் எண், எடை, கட்டிய தேதி, ஷிஃப்ட் ஆகியவற்றை அட்டைத் துண்டில் எழுதிக் கம்பியில் செருக ஒரு நிமிடம் போதும். அதையும் செய்யாத நிறுவனம், மில் 600 கிலோவைக் கழிக்கும்போது எந்தப் பேல் நனைந்தது, எப்போது கட்டியது என்று சொல்ல முடியாமல் நிற்கிறது.