நெஞ்சுவலி மாத்திரை முதல் வறட்டு இருமல் வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் வைத்திருக்கும் பலர் ஒரு விஷயத்தை மட்டும் மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். ஆண்மைக்குறைவுக்கு எடுக்கும் மாத்திரையைத்தான் சொல்கிறேன். கூச்சம் புரிகிறது. ஆனால் இதயம், ரத்தக் குழாய் சார்ந்த மருந்துகளில் நடக்கும் தவறுகளில் உயிருக்கே உலை வைக்கக்கூடியது இந்த மௌனம்தான்.

ஏன் என்று பார்ப்போம். ரத்தக் குழாயைத் தளர்த்த உடலே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாயு குழாய்ச் சுவரின் தசைக்குள் போனதும் அங்கே சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருள் பெருகும், தசை தளரும், குழாய் விரியும். நைட்ரோகிளிசரின் உடலுக்குள் இதே வாயுவைத் தருகிறது. ஆண்மைக்குறைவு மாத்திரைகளான சில்டெனாஃபில், டாடாலாஃபில் இரண்டும் சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. ஒரு பக்கம் உற்பத்தி கூடுகிறது, மறுபக்கம் அழிவு நிற்கிறது. ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும்.

"நேற்று போட்டதுதானே" என்று நினைப்பது அடுத்த தவறு. சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம் ஆகும்வரையிலும், டாடாலாஃபில் எடுத்து 48 மணி நேரம் ஆகும்வரையிலும் நைட்ரேட் மருந்து, அதாவது நைட்ரோகிளிசரின் வகை மருந்து, கூடாது. அதற்குள் நெஞ்சுவலி வந்தால் உடனே ஆம்புலன்சை அழையுங்கள்; வருபவர்களிடம் எந்த மாத்திரை, எப்போது என்று முதல் வேலையாகச் சொல்லுங்கள். இது ஆண்களுக்கு மட்டுமான எச்சரிக்கையும் இல்லை. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காகப் பெண்களும் சில்டெனாஃபில் எடுக்கிறார்கள். அதே நோய்க்குத் தரப்படும் ரியோசிகுவாட் என்ற மருந்தையும் நைட்ரேட் வகையோடும் சில்டெனாஃபில் வகையோடும் சேர்க்கவே கூடாது.

நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையைச் சிலர் விழுங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கலக்கும் முன்பே கல்லீரல் பெரும்பகுதியை அழித்துவிடும். நின்றுகொண்டே வைத்தால் தலைசுற்றி விழலாம், அதனால் உட்கார்ந்துகொள்ளுங்கள். 5 நிமிடத்தில் வலி குறையவில்லையா? ஆம்புலன்சை அழைக்க இன்னும் காத்திருக்க வேண்டாம். அப்புறம், வசதிக்காக இந்த மாத்திரைகளைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றாதீர்கள். மருந்து ஆவியாகும், பிளாஸ்டிக்கிலும் ஏறிவிடும். தேவைப்படும் நேரத்தில் வெறும் மாத்திரைதான் மிஞ்சும். வந்த கண்ணாடிக் குப்பியிலேயே இருக்கட்டும். தோலில் ஒட்டும் நைட்ரோகிளிசரின் பட்டையை இரவும் பகலும் விடாமல் ஒட்டியிருந்தால் உடல் பழகிப்போய் மருந்து வேலை செய்யாது. அதனால்தான் தினமும் 10 முதல் 12 மணி நேரம் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

அடுத்து, ஏடிபி, அடினோசின் போன்ற பியூரின் வகைப் பொருள்கள் உடலுக்குள் அனுப்பும் செய்திகளின் வழியில் வேலை செய்யும் மருந்துகள். இவற்றில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார் இரண்டும் முக்கியமானவை. ரத்தத் தட்டணுக்களை ஒட்டச் சொல்லும் ஏடிபியின் பேச்சு எடுபடாமல் இவை தடுக்கின்றன. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கப் போகிறோம் என்று இவற்றைத் தானாகவே நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குளோபிடோக்ரெல் எடுப்பவர் நெஞ்செரிச்சலுக்குக் கடையில் ஒமேப்ரசோல் வாங்கிப் போடுவதும் தவறு. கல்லீரலில் குளோபிடோக்ரெல் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதை ஒமேப்ரசோல் குறைக்கிறது. டிகாக்ரெலார் எடுக்கும்போது மூச்சு வாங்குவது அறிந்த பக்க விளைவுதான். ஆனாலும் அதை நீங்களே ஊகிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடினோசின் செலுத்திச் செய்யும் இதயப் பரிசோதனைக்கு முன் காபி, டீ குடித்தால், காஃபின் அடினோசினின் ஏற்பிகளை, அதாவது அது செல்லில் போய் ஒட்டும் இடங்களை, அடைத்துக்கொண்டு முடிவையே குழப்பிவிடும்.

கடைசியாகப் பெப்டைடுகள், அதாவது உடலில் உள்ள குட்டிப் புரதங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள், ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பெப்டைடு உருவாவதைத் தடுக்கும்போது பிராடிகைனின் என்ற இன்னொரு பெப்டைடு சிதைவதையும் தடுத்துவிடுகின்றன. அதனால் வரும் வறட்டு இருமலுக்குப் பாட்டில் பாட்டிலாக இருமல் மருந்து குடித்துப் பயனில்லை. மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை மாத்திரைக்கு மாற்றுவார். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது வேறு கதை: மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். சாகுபிட்ரில் கலந்த இதய மாத்திரையும் பிராடிகைனினைக் கூட்டும். அதனால் எனலாப்ரில் வகையிலிருந்து அதற்கு மாறும்போது நடுவில் 36 மணி நேர இடைவெளி கட்டாயம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையைத் தீர்த்துவிடலாம் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.